மெரூன் சேலைக்கு எண்பதாயிரம் ரூபாய் போன் வேண்டுமா?

கேள்வி: இளம்பிள்ளைத் தறிக்காரர்களிடம் நேரடியாகச் சேலை எடுத்து, வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு வீட்டிலிருந்தே விற்கிறேன். கையில் இருப்பது மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய 14,000 ரூபாய் போன். மெரூன் சேலை அனுப்பினால், "படத்துல செங்கல் கலர்ல இருந்துச்சே" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகன், "ஐபோன் வாங்கினாத்தாம்மா கலர் சரியா வரும், 80,000 ஆனாலும் வட்டியில்லாத் தவணை இருக்கு" என்கிறான். என் வீட்டுக்காரரோ, "நம்ம போன்ல 50 மெகாபிக்சல், அதுல 48தான், எதுக்கு அவ்வளவு காசு?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் காரணம் தவறு, அவர் வந்து சேர்ந்த முடிவு ஏறக்குறையச் சரி. மகன் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மைக்கும் உங்களிடம் திரும்பி வரும் சேலைக்கும் சம்பந்தம் குறைவு.

முதலில் அந்த மெரூன். படத்தை எங்கே வைத்து எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஹாலில், எல்.இ.டி. டியூப் லைட்டின் கீழே என்று ஊகிக்கிறேன். சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் இருக்கின்றன. மலிவான எல்.இ.டி. வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கு தராத சிவப்பைச் சேலை எப்படிக் காட்டும்? மெரூன் பழுப்படித்துப் போகிறது. பிறகு போன் தன் பங்குக்கு நிறத்தைத் தூக்கிக் கொடுக்க, செங்கல் வந்துவிடுகிறது. இது 14,000 ரூபாய் போனிலும் நடக்கும், ஒன்றரை லட்சம் ரூபாய் போனிலும் நடக்கும். காலையில் நேர் வெயில் படாத ஜன்னலோரமாகச் சேலையை விரித்து, டியூப் லைட்டை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். அணைப்பது முக்கியம். இரண்டு வெளிச்சமும் கலந்தால் எது வெள்ளை என்று முடிவு செய்ய முடியாமல் போன் தடுமாறும். இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால், பெட்டியில் சி.ஆர்.ஐ. (விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண்) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கும் விளக்காகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வீட்டு விளக்குகளில் இந்த எண் 80 அளவில்தான் இருக்கும்.

மயில்கழுத்து நிறச் சேலையை மட்டும் எந்த போனிடமும் எதிர்பார்க்காதீர்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் சேலையே மாறுகிறது. ஒற்றைப் படத்தில் அது அடங்காது. முந்தானையை மெதுவாகத் திருப்பிக் காட்டும் பத்து நொடி வீடியோதான் அதற்கு வழி.

இனி மெகாபிக்சல். 50 பெரிது, 48 சிறிது என்ற கணக்கு இங்கே செல்லாது. இரண்டு போன்களுமே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நான்கை ஒன்றாகச் சேர்த்து, 12 மெகாபிக்சல் அளவில் படம் தரக்கூடியவை. வித்தியாசம் சென்சாரின் பரப்பில் இருக்கிறது. பட்ஜெட் போன்களின் 50 மெகாபிக்சல் சென்சாரைவிட, உயர்விலை ஆண்ட்ராய்டு போன்களில் வரும் சென்சார் பரப்பில் நான்கு மடங்குக்கும் மேலாக இருப்பதுண்டு. பரப்பு கூடினால் வெளிச்சம் கூடுதலாக விழும். கல்யாண மண்டபத்தில், இரவுத் தெருவில், ஓடும் குழந்தையைப் படம் பிடிக்கையில் இது பளிச்சென்று தெரியும். ஜன்னலோரத்தில் அசையாமல் கிடக்கும் சேலைக்கு அவ்வளவு தேவையில்லை. (விலை குறைந்த போன்களின் முதுகில் அலங்காரமாக நிற்கும் 2 மெகாபிக்சல் "மேக்ரோ" கேமராவைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். எண்ணிக்கை காட்டத்தான் அது.)

அதோடு, உங்கள் படம் வாடிக்கையாளர் கைக்குப் போகும் வழியையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாக்கில் சுமார் 1,600 புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது, அதாவது 2 மெகாபிக்சல் அளவு. 2023 ஆகஸ்டில் வந்த எச்.டி. தேர்வை அமுக்கி அனுப்பினால் கொஞ்சம் தேறும். இன்ஸ்டாகிராம் பொதுவாக 1,080 புள்ளி அகலத்தில்தான் காட்டுகிறது. மார்க்கஸ் பிரவுன்லீ என்ற அமெரிக்க யூடியூபர் 2018-ல் எந்த போன் என்று சொல்லாமல் படங்களை ஜோடி ஜோடியாகப் போட்டு மக்களை வாக்களிக்க வைத்தார். ஐபோன் எக்ஸ் முதல் சுற்றிலேயே போக்கோ எஃப்1-இடம் தோற்றது. இந்தியாவில் அந்த போக்கோவின் தொடக்க விலை 20,999 ரூபாய், ஐபோன் எக்ஸ் 89,000. சின்னத் திரையில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வெளிச்சமான படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் வாடிக்கையாளர்களும் அப்படித்தான்.

அப்படியானால் அந்த 80,000 ரூபாய் எதற்குப் போகிறது? ஒரு பங்கு வரிக்கு. 2020 ஏப்ரலிலிருந்து செல்போனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆகவே 79,900 ரூபாய் போனில் சுமார் 12,000 அரசாங்கத்துக்கு. சுங்குவார்சத்திரத்தில் நம் ஊர்ப் பெண்கள் கோத்துக் கொடுத்த ஐபோனுக்கும் இதே வரிதான். மீதியில் வேகமான சிப், நீர் புகாத உடல், பிராண்டின் லாபம் எல்லாம் அடக்கம். உங்களுக்கு நிஜமாகப் பயன்படக்கூடியது வீடியோ. கை அசைந்தாலும் படம் ஆடாது, ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் நிறம் அதிகம் மாறாது. இதில் ஐபோன் கெட்டி, மகனிடம் நான் ஒத்துக்கொள்கிறேன். தினமும் மணிக்கணக்கில் நேரலை போட்டு, அதிலிருந்துதான் பாதி வியாபாரம் என்ற நிலை வந்தால் மறுபடி எழுதுங்கள், வேறு பதில் சொல்வேன்.

உயர்விலை போனுக்குச் சொல்லப்படும் இன்னொரு நியாயம், பல வருடம் உழைக்கும் என்பது. ஒரு காலத்தில் அது முழு உண்மை. 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-ன் ஐ.ஓ.எஸ். 18 வரை கிடைத்தது. அதே காலத்து மலிவு ஆண்ட்ராய்டுகளை இரண்டு, மூன்று வருடத்தில் கைகழுவிவிட்டார்கள். இப்போது நிலைமை மாறிவிட்டது. கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் எஸ்24-க்கும் 7 வருட அப்டேட் என்றார்கள். நடுத்தர விலையில் வந்த சாம்சங் ஏ36, ஏ56-க்கும் 6 வருடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்கும் உங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் கேமராவைவிடப் பெரிய விஷயம். வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் போன் இரண்டரை வருடம் ஓடினால் வருடத்துக்கு 6,000. 30,000 ரூபாய் போனை ஐந்து வருடம் வைத்திருந்து 5,000-க்குத் தள்ளிவிட்டால் வருடத்துக்கு 5,000. 80,000 ரூபாய் போனை அதே ஐந்து வருடம் கழித்து 20,000-க்கு விற்றாலும் வருடத்துக்கு 12,000. நடுவில் ஒரு பேட்டரி மாற்றும் செலவு எல்லாவற்றுக்கும் வரும். இன்னொரு கணக்கும் உண்டு: சேலை ஒன்றின் கொள்முதல் 800 ரூபாய் என்றால், 80,000 என்பது நூறு சேலை. அந்தப் பணம் சரக்காக அலமாரியில் இருந்தால் சுழன்று சுழன்று சம்பாதிக்கும்.

வட்டியில்லாத் தவணையில் வட்டி ஒளிந்திருக்கிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளைக் கண்டித்தது. இப்போது வட்டியைப் போட்டு, அதே தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில். மொத்தப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் குறையும்.

என் யோசனை: இப்போதைக்கு விளக்கும் ஸ்டாண்டும் மட்டும் வாங்குங்கள், 2,000, 3,000 ரூபாயில் முடியும். மெரூன் திரும்பி வருவது நின்றால் பழைய போனே இன்னும் கொஞ்ச காலம் ஓடட்டும். நிற்கவில்லை என்றால், அல்லது உங்கள் போனுக்கு அப்டேட் நின்றுபோயிருந்தால், 30,000 ரூபாயை ஒட்டி, அசைவைத் தாங்கும் ஓ.ஐ.எஸ். கேமராவும் குறைந்தது ஐந்து வருட அப்டேட் உறுதியும் உள்ளதாக ஒன்று பாருங்கள். மகன் பழைய ஐபோன் தேடிக் கொண்டுவந்தால், பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். திருட்டு போனாக இருந்தால் முடக்கிவிடுவார்கள்.

கடைக்குப் போகும்போது பையில் அந்த மெரூன் சேலையை எடுத்துப் போங்கள். கடைக்குள் இருக்கும் விளக்கை நம்ப வேண்டாம், வாசலுக்கு வந்து 30,000 போனிலும் 80,000 போனிலும் ஒவ்வொரு படம் எடுத்து, இரண்டையும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொண்டு, மகனையே எது எதில் எடுத்தது என்று சொல்லச் சொல்லுங்கள். டெமோ போனை வாசல் வரை தர மாட்டேன் என்று கடைக்காரர் முறைத்தால், அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கும்.