மேற்படிப்பு கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன?



இந்த ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு நண்பர் ஒருவர் மனைவியுடன் வந்தார். மகன் வரவில்லை. "எம்.டெக். இடம் கிடைக்கவில்லை சார். என்ன செய்கிறாய் என்று எல்லோரும் கேட்பார்களே என்று வீட்டிலேயே இருந்துவிட்டான்" என்றார். பையன் பி.இ. முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுவாரம் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். வேறு வீடுகளுக்கும் பயன்படலாம்.

1. கேட் தேர்வு மதிப்பெண், முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும். அடுத்த ஆண்டும் அதைக் கொண்டு எம்.டெக். படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்; மீண்டும் எழுதி உயர்த்தவும் முயலலாம். சில பொதுத்துறை நிறுவனங்கள் இம்மதிப்பெண்ணைக் கொண்டு வேலைக்கும் ஆள் எடுக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் மதிப்பெண்ணையே கேட்கும். அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள்.

2. காத்திருக்கும் ஆண்டை வெறுமனே கழிக்க வேண்டாம். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், 1973-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளுக்கும் டிப்ளமாக்காரர்களுக்கும் பொருந்தும். தொழிற்சாலையிலோ அரசு நிறுவனத்திலோ பொதுவாக ஓராண்டுப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். இதற்கான மத்திய அரசின் பயிற்சி வாரியங்கள் மும்பை, சென்னை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நான்கு இடங்களில் உள்ளன. பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. கையில் சேர்வது அனுபவம்.

3. ரயில்வே தேர்வு வாரியத்தின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வை, உரிய பிரிவில் பட்டம் பெற்றவர்களும் எழுதலாம்.

இதைச் சொன்னபோது, "அது டிப்ளமா வேலைதானே அங்கிள்?" என்றான் பையன். அவன் அம்மா முகம் சிவந்துவிட்டது. நான் சிரித்தேன். "நானும் டிப்ளமாதான் தம்பி. அதை வைத்துத்தான் முப்பத்தைந்து வருஷம் தண்டவாளமும் பாலமும் பார்த்தேன்" என்றேன்.

எனக்கும் ஏ.எம்.ஐ.இ. முடிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. 'ஏ' பிரிவு தேறினேன். 'பி' பிரிவு கடைசிவரை முடியவில்லை. அந்தக் குறை இன்றும் மனதில் உண்டு. ஆனால் அதற்காக ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஊரை விட்டு வந்து பிள்ளையைப் படிக்க வைத்த நமக்கு எதிர்பார்ப்பு அதிகம். "அவன் பையன் அமெரிக்கா போய்விட்டான்" என்ற பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். விழாவில் பிள்ளைகளைப் பார்க்கும் மற்றவர்களும் முதலில், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

அந்தப் பையன் இப்போது அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறான். பகலில் ஒர்க்‌ஷாப், இரவில் கேட் படிப்பு. அடுத்த முறை இடம் கிடைக்குமா என்பது போகப் போகத்தான் தெரியும். ஆனால் தமிழ்ப் புத்தாண்டு விழாவன்று முதல் ஆளாக வந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டவன் அவன்தான்.