விளம்பரம் நம்ம வீட்டுக்குள் வருவது எப்படி?



சம்பளத்தன்று கடையில் என்ன வாங்குவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? "நாங்கதான்" என்று சொல்வீர்கள். ஆனால் பாதியை விளம்பரம் தீர்மானித்துவிடுகிறது. அதை இரண்டு பொருட்களை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது ஓட்ஸ். அமெரிக்காவில் முன்பு இதைக் குதிரைத் தீனி என்றே பலர் நினைத்தார்கள். கடைக்காரர் பீப்பாயிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பார். 1877இல் குவேக்கர் என்ற பெயர் வியாபாரக் குறியாகப் பதிவானது. பிறகு படம் போட்ட பெட்டி வந்தது, சமைக்கும் முறையை அதிலேயே அச்சடித்தார்கள், வீடு வீடாகச் சிறு பொதிகளை இனாமாகக் கொடுத்தார்கள். தானியம் அதே தானியந்தான். மாறியது பெட்டியும் பேச்சும்.

இரண்டாவது சிகரெட். 1881இல் பொன்சாக் என்பவர் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றலாம். இவ்வளவையும் யார் குடிப்பது? டியூக் என்ற முதலாளி பெட்டிக்குள் அழகான படங்களை வைத்தார். படம் சேர்க்கும் ஆசையில் சனங்கள் வாங்கினார்கள்.

இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: படம், இனாம், கவர்ச்சியான பேச்சு. ஆனால் பொருள் ஒன்றல்ல. ஓட்ஸ் நல்ல சாப்பாடு. கொழுப்பைக் குறைக்கும் நார்ச்சத்து அதில் உண்டு. அதற்காக அது இல்லாவிட்டால் பிள்ளை வளராது என்று நினைக்க வேண்டாம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. ஓட்ஸில் அதில் கால்வாசிகூட இல்லை. குரக்கனுக்குப் பெட்டியும் படமும் இல்லை, அவ்வளவுதான்.

புகையிலையில் நன்மை எதுவுமே இல்லை. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதும் குற்றம். ஆனாலும் ஒரு விளம்பரம் நிற்கவில்லை. "ஓடிப்போய் ஒரு வெத்தலக் கூறு வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்புகிறோமே, அதுதான். கடையில் படம் இல்லாவிட்டாலும் பிள்ளை நம்ம வாயைப் பார்க்கிறது.

புகையிலை போடாத வெற்றிலையும் ஆபத்துத்தான். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருக்கிறது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குப் போங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள். முதலிலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்.

ஒரு கணக்குப் போடுங்கள். வெற்றிலை, புகையிலை, பீடிக்கு ஒரு நாளைக்கு 100 ரூபா போனால் வருடத்துக்கு 36,500 ரூபா. பிள்ளையின் கொப்பி, சப்பாத்து, பஸ் காசுக்கு அது எவ்வளவு உதவும்!

அடுத்த சம்பளத்தன்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்:

1. இது நமக்குத் தேவையா, படத்தைப் பார்த்து வந்த ஆசையா?
2. இதே சத்து குறைந்த விலையில் வேறு எதில் கிடைக்கும்?
3. இதை நம்ம பிள்ளை பழகினால் நமக்குச் சந்தோஷமா?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகளையே பதில் சொல்லவிடுங்கள்.