எக்செல் பாடம்: கூட்டமாகக் கப்பல் பயணம் போக மூன்று ஷீட் போதும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் எக்செல்லைத் திறந்து பார்ப்பார்கள். கட்டம் கட்டமாக ஏதோ தெரியும். இது ஆபீஸ்காரர்கள் சமாச்சாரம் என்று மூடிவிடுவார்கள். உண்மையில் வீட்டுக்கு மிகவும் பயன்படும் புரோகிராம் இதுதான். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செய்யும் எந்தக் காரியத்திலும் பெயர், தேதி, பணம் இந்த மூன்றில்தான் குழப்பம் வரும். மூன்றையும் எக்செல் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பாடத்துக்கு உதாரணமாக, உறவினரும் நண்பர்களும் சேர்ந்து போகும் கப்பல் சுற்றுலாவை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சுற்றுலாப் பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்கும் போய் வந்தது. எந்தக் கப்பல் எந்த மாதம் எங்கிருந்து புறப்படும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் சென்னையோ, மும்பையோ, சிங்கப்பூரோ, திட்டமிடும் முறை ஒன்றுதான்.

ரயிலில் ஆளுக்கு ஒரு டிக்கெட். கப்பலில் அப்படி இல்லை. அங்கே விற்பது கேபின், அதாவது அறை. விளம்பரத்தில் வரும் ‘ஒருவருக்கு இவ்வளவு’ என்ற தொகை, ஒரு கேபினில் இரண்டு பேர் தங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு. அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்குபவருக்குப் பெரும்பாலும் கட்டணம் குறைவு. ஒருவரே தனியாகத் தங்கினால் இரண்டு பேர் கட்டணம் வரைகூடக் கேட்பார்கள். இந்த ஒரு விஷயம் புரியாமல் பணம் வசூலிப்பதால்தான் ஊர் திரும்பிய பிறகும் உறவில் கசப்பு மிஞ்சுகிறது.

இனி எக்செல்லைத் திறந்து ஒரு புதிய பைலை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். மெனுக்களின் பெயர் சற்று மாறும்; கணக்கு மாறாது. கீழே உள்ள ‘ஷீட்1’ என்ற பெயரில் டபுள் கிளிக் செய்து ‘நபர்கள்’ என்று மாற்றவும். பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை இருமுறை கிளிக் செய்து மேலும் இரண்டு ஷீட் சேர்த்து, ‘கேபின்’, ‘பணம்’ என்று பெயர் கொடுக்கவும். கட்டங்களின் பெயரை இங்கே ஏ1, பி1 என்று எழுதியிருக்கிறோம். நீங்கள் அவற்றை டைப் செய்ய வேண்டியதில்லை. மவுஸால் கிளிக் செய்தால் எக்செல் தானே எழுதிக்கொள்ளும்.

முதல் ஷீட்: நபர்கள்

ஏ1-ல் ‘புறப்படும் நாள்’, ஏ2-ல் ‘திரும்பும் நாள்’ என்று எழுதி, எதிரே பி1, பி2 கட்டங்களில் தேதிகளைக் கொடுக்கவும். நான்காவது வரிசையில் ஏ முதல் எச் வரை இந்தத் தலைப்புகளை வரிசையாக எழுதவும்: பெயர், பிறந்த தேதி, வயது, அடையாள ஆவணம், காலாவதி தேதி, மீதி நாள், கேபின், குறிப்பு. ஐந்தாவது வரிசையிலிருந்து ஆட்கள். நம் உதாரணத்தில் 11 பேர். எனவே 15-ஆம் வரிசையில் முடியும்.

பெயர்: கப்பலில் ஏறும்போது காட்டப்போகும் ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதவும். நம் ஊரில் இது பெரிய தலைவலி. ஆதாரில் ‘முருகேசன் எஸ்’ என்று இருக்கும். அவரே பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து ‘முருகேசன் சண்முகம்’ ஆகியிருப்பார். டிக்கெட்டில் ஒன்று, கையில் ஒன்று என்றால் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். பெரியவர்களிடம் போனில் கேட்டு எழுதாமல், ஆவணத்தைப் பார்த்து எழுதுவதே நல்லது.

தேதி: இங்கே கவனம் தேவை. விண்டோஸில் அமெரிக்க முறை செட் ஆகியிருந்தால், 05/08/1961 என்று ஆகஸ்ட் 5-ஐக் கொடுத்தாலும் அது மே 8 என்று எடுத்துக்கொள்ளும். 25/08/1961 என்று கொடுத்தால் 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நின்றால் தேதி, இடது ஓரம் ஒட்டி நின்றால் எழுத்து. விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய், ரீஜன் ஃபார்மேட்டை ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

வயது: எக்செல் ஒவ்வொரு தேதியையும் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. அடுத்த நாள் 2. இப்படியே போகும். ஆகவே தேதியிலிருந்து தேதியைக் கழிக்கலாம். சி5-ல் சமக்குறி போட்டு, அடைப்புக்குறியைத் திறந்து, பி1-ஐக் கிளிக் செய்து, கீபோர்டில் எஃப்4 கீயைத் தட்டவும். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிறகு கழித்தல் குறி போட்டு, பி5-ஐக் கிளிக் செய்து, அடைப்புக்குறியை மூடி, /365.25 என்று தட்டி என்டர் செய்யவும். புறப்படும் நாளில் அவருடைய வயது வந்துவிடும். விடை ஒரு தேதி போலத் தெரிந்தால், ஹோம் டேபில் ‘நம்பர்’ ஃபார்மேட்டைத் தேர்வு செய்யவும்.

எஃப்4 எதற்கு? அதைத் தட்டியதும் பி1-ல் டாலர் குறிகள் சேர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஃபார்முலாவைக் கீழே இழுத்து நகல் எடுக்கும்போது பி5 என்பது பி6, பி7 என்று மாறும். பி1 மட்டும் மாறக்கூடாது. அந்த டாலர் குறி அதைப் பூட்டிவைக்கிறது. இப்போது சி5-ன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியைப் பிடித்து சி15 வரை இழுத்துவிடவும்.

வயது ஏன் முக்கியம்? பல கப்பல்களில் 6 மாதம் நிறையாத கைக்குழந்தையை ஏற்றமாட்டார்கள். குழந்தைகளுக்கான கட்டணமும் புறப்படும் நாள் வயதைப் பொறுத்ததே. பிறந்த நாள் பயணத் தேதிக்கு அருகில் வந்தால் மட்டும் காலண்டரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

மீதி நாள்: எஃப்5-ல் சமக்குறி போட்டு, ஈ5-ஐக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, பி2-ஐக் கிளிக் செய்து எஃப்4 தட்டி என்டர் செய்யவும். ஊர் திரும்பிய பின் பாஸ்போர்ட்டுக்கு எத்தனை நாள் உயிர் இருக்கிறது என்பது இது. வெளிநாட்டுத் துறைமுகம் என்றால் பொதுவாக 6 மாதமாவது இருக்க வேண்டும். எஃப்5 முதல் எஃப்15 வரை தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று போய், 183 கொடுத்து ஓகே செய்யவும். யாருக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டுமோ அவர் கட்டம் சிவப்பாகிவிடும். காலாவதி இல்லாத ஆவணம் என்றால் ஈ, எஃப் இரண்டிலும் ‘இல்லை’ என்று எழுதவும். வெறுமனே விட்டால் எக்செல் அதைப் பூஜ்யமாக எண்ணிச் சிவப்பாக்கிவிடும்.

குறிப்பு: மாடி ஏற முடியாதவர், சக்கர நாற்காலி தேவைப்படுபவர், சாப்பாட்டில் பத்தியம் இருப்பவர் ஆகியோரை இங்கே எழுதவும். கர்ப்பிணிகளையும் தவறாமல் குறிக்கவும். பயணம் முடிவதற்குள் 24 வாரம் தொடுபவரைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்பதில்லை. தலைசுற்றல் வரும் என்று பயப்படுபவருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு.

ஒரு எச்சரிக்கை: ஆதார் எண், பாஸ்போர்ட் எண் எதையும் இந்த ஷீட்டில் எழுதாதீர்கள். ‘ஆதார்’, ‘பாஸ்போர்ட்’ என்று வகையை மட்டும் எழுதினால் போதும்.

இரண்டாவது ஷீட்: கேபின்

இங்கேதான் உண்மையான வேலை. கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்களுக்கு வந்த விலைக் கடிதத்தில் உள்ளதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏ1: முதல் இருவரில் ஒருவருக்கு, பி1: 30000
ஏ2: கூடுதல் ஆளுக்கு, பி2: 15000
ஏ3: துறைமுகக் கட்டணமும் வரியும், ஒருவருக்கு, பி3: 6000

ஐந்தாவது வரிசையில் ஏ முதல் ஈ வரை தலைப்புகள்: கேபின், குடும்பம், ஆட்கள், கூடுதல் ஆட்கள், தொகை. அதன் கீழ் 6 முதல் 9 வரை நான்கு கேபின்கள்:

1, தாத்தா பாட்டி, 2, 0
2, அக்கா குடும்பம், 4, 2
3, தம்பி குடும்பம், 3, 1
4, நண்பர்கள், 2, 0

ஈ6-ல் சமக்குறி போடவும். பி1-ஐக் கிளிக் செய்து எஃப்4 தட்டி *2 என்று சேர்க்கவும். பிறகு கூட்டல் குறி, டி6, பெருக்கல் குறி, பி2, எஃப்4. மீண்டும் கூட்டல் குறி, சி6, பெருக்கல் குறி, பி3, எஃப்4. என்டர் தட்டி, ஈ9 வரை இழுக்கவும். முதல் இருவர் கட்டணத்தை எப்போதும் 2-ஆல் பெருக்குவதைக் கவனியுங்கள். கேபினில் ஒருவரே இருந்தாலும் இருவர் கட்டணம் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறோம். உங்கள் நிறுவனம் தனி ஆளுக்குக் குறைவாகக் கேட்டால் அந்த வரிசையில் மட்டும் தொகையைக் கையால் மாற்றவும்.

சி10-ஐயும் ஈ10-ஐயும் தனித்தனியே தேர்வு செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டவும். விடை: 72,000, 1,14,000, 93,000, 72,000. மொத்தம் 11 பேருக்கு 3,51,000 ரூபாய்.

நம்மில் பெரும்பாலோர் அடுத்துச் செய்வது, மொத்தத்தை 11-ஆல் வகுத்துத் தலைக்கு 31,909 ரூபாய் என்று சொல்வது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அக்கா வீட்டார் நால்வரும் ஒரே கேபினில் நெருக்கியடித்துத் தங்கிவிட்டு 1,27,636 ரூபாய் கொடுக்கிறார்கள். அவர்கள் கேபின் விலையோ 1,14,000. கூடுதலாகப் போன 13,636 ரூபாய், விசாலமாக இருவர் மட்டும் தங்கும் கேபின்களின் செலவைக் குறைக்கிறது. தாத்தா பாட்டிக்கு அப்படி உதவ அக்காவே விரும்பலாம். நண்பர்களுக்கும் சேர்த்து உதவுகிறோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொரு சோதனை. நண்பர்களில் ஒருவர் வரவில்லை என்று வைத்துக்கொண்டு சி9-ல் 2-ஐ அழித்து 1 போடவும். நான்காவது கேபின் தொகை 66,000 ஆகிறது. 36,000 ரூபாய் கட்ட வேண்டியவர் தலையில் இன்னும் 30,000 விழுகிறது. தலைக்கு வகுக்கும் முறையில் என்றால் எல்லோருக்கும் 34,500 ஆகி, அக்கா வீட்டுக்கு 1,38,000 வந்து நிற்கும். கழன்றுகொண்டவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர்! யாராவது கடைசியில் விலகினால் அந்தக் கேபின் பாரம் யாருடையது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே, இந்த ஷீட்டை எல்லோருக்கும் காட்டிப் பேசி முடிவு செய்துவிடுங்கள். அப்போது அது வெறும் கணக்கு. பிறகு பேசினால் அது சண்டை.

குழுவாகப் போகிறோம், தள்ளுபடி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். பல பன்னாட்டு நிறுவனங்கள் 8 கேபின்கள் சேர்ந்தால்தான் குழு என்று கணக்கில் கொள்கின்றன. கப்பலில் வாங்கும் பானங்கள், இன்டர்நெட், கரையில் சுற்றிப்பார்க்கும் செலவு போன்றவை பெரும்பாலும் கட்டணத்தில் சேராது. அவற்றைப் பொதுக் கணக்கில் கொண்டுவராமல் அவரவர் பார்த்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது ஷீட்: பணம்

முதல் வரிசையில் ஏ முதல் எஃப் வரை தலைப்புகள்: குடும்பம், கட்ட வேண்டியது, முன்பணம், இரண்டாம் தவணை, கட்டியது, பாக்கி. ஏ2 முதல் ஏ5 வரை நான்கு குடும்பங்களின் பெயர். பி2-ல் சமக்குறி போட்டு, கீழே ‘கேபின்’ ஷீட்டைக் கிளிக் செய்து, அங்கே ஈ6-ஐக் கிளிக் செய்து என்டர் தட்டவும். இரண்டு ஷீட்டுகளும் இணைந்துவிட்டன. அங்கே தொகை மாறினால் இங்கேயும் மாறும். ஈ2-ல் சமக்குறி போட்டு சி2, டி2 இரண்டையும் கூட்டவும். எஃப்2-ல் பி2-லிருந்து ஈ2-ஐக் கழிக்கவும். மூன்று ஃபார்முலாக்களையும் ஐந்தாம் வரிசை வரை இழுத்துவிட்டால், யார் பாக்கி என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அதன் கீழே தேதிகள். ரத்துக் கட்டணம் எப்போதும் படிப்படியாக ஏறும். புறப்படும் நாள் நெருங்க நெருங்கத் திரும்ப வரும் பணம் குறையும். விதிமுறைகளில் ‘60 நாளுக்கு முன்’ என்று இருந்தால், ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு, ‘நபர்கள்’ ஷீட்டின் பி1-ஐக் கிளிக் செய்து, -60 என்று தட்டவும். அந்த நாள் எது என்று எக்செல் சொல்லும். எண்ணாகத் தெரிந்தால் ஃபார்மேட்டை ‘டேட்’ என்று மாற்றவும். ஒவ்வொரு படிக்கும் இப்படி ஒரு தேதி போடுங்கள். முழுப்பணம் கட்டும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முந்திய தேதியை உறவினர்களுக்குச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்குக் காட்டுவது

பைலை எல்லோருக்கும் அனுப்பி ஆளாளுக்குத் திருத்தினால் நான்கு விதமான கணக்கு உருவாகிவிடும். திருத்துபவர் ஒருவராகவே இருக்கட்டும். ‘கேபின்’ ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபைல் மெனுவில் சேவ் அஸ் சென்று பி.டி.எஃப். வகையைத் தேர்வு செய்யவும். சாதாரணமாகத் திரையில் திறந்திருக்கும் ஷீட் மட்டுமே பி.டி.எஃப். ஆகும். ‘பணம்’ ஷீட்டையும் இப்படியே செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பிறந்த தேதிகள் உள்ள ‘நபர்கள்’ ஷீட்டை மட்டும் பொதுவில் போட வேண்டாம்.

புறப்படும் முன் குடும்பத்துக்கு ஒன்றாகக் கேபின் பட்டியலைப் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள். நடுக்கடலில் நம் செல்போன் டவர் கிடைக்காது. கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் போன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் பில் எகிறும். ஏறியதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடவும். அப்போது தாத்தா எந்தக் கேபினில் இருக்கிறார் என்று சொல்வது அந்தக் காகிதம்தான்.

பயிற்சி: அக்கா குடும்பம் நான்கு பேரும் இரண்டு கேபின்களாகப் பிரிந்து தங்கினால் எவ்வளவு கூடும்? ‘கேபின்’ ஷீட்டில் அவர்கள் வரிசையில் ஆட்கள் 2, கூடுதல் ஆட்கள் 0 என்று மாற்றி, பத்தாம் வரிசைக்கு மேல் இன்னொரு வரிசை சேர்த்து, அதிலும் 2, 0 போட்டு ஃபார்முலாவை இழுத்துப் பாருங்கள். ஆட்டோசம் புது வரிசையையும் சேர்த்துக்கொண்டதா என்று சரிபார்க்கவும். இரண்டு கேபின்களுக்கும் சேர்த்து 1,44,000 வந்தால், அதாவது 30,000 கூடினால், பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது.