தினமும் ஒரு செட்ரிசின்: பழக்கமாகிவிடுமா?

கேள்வி: நான் லாரி டிரைவர், ஊர் நாமக்கல். விடியற்காலையில் எழுந்ததுமே அடுக்குத் தும்மல், மூக்கு ஒழுகல், கண்ணில் அரிப்பு. மெடிக்கலில் கேட்டு வாங்கி, ஒரு வருடமாகத் தினமும் ராத்திரி ஒரு செட்ரிசின் போட்டுக்கொள்கிறேன். போட்டால் நன்றாக இருக்கிறது. நிறுத்தினால் இரண்டாம் நாளே தும்மல் திரும்பிவிடுகிறது. உடம்பு மாத்திரைக்கு அடிமையாகிவிட்டதா? கிட்னி கெட்டுவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள், ஐயா. மூன்றும் நல்ல கேள்விகள். ஆனால் லாரி ஓட்டுகிறவர் முதலில் கேட்டிருக்க வேண்டிய நான்காவது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

அடிமை விஷயத்தை முதலில் பார்ப்போம். தூசோ, மெத்தை தலையணையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சியோ மூக்கில் பட்டதும், அங்குள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. மாஸ்ட் செல் என்பது உடம்பின் காவல் செல்களில் ஒரு வகை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது சாதாரணத் தூசைக்கூட எதிரியாக எடுத்துக்கொள்கிறது. கொட்டிய ஹிஸ்டமின் நரம்பிலும் ரத்தக்குழாயிலும் உள்ள ஏற்பிகளில், அதாவது அது வந்து ஒட்டிக்கொள்வதற்கான புரதங்களில், உட்கார வேண்டும். அப்போதுதான் தும்மல், அரிப்பு, ஒழுகல் எல்லாம். செட்ரிசின் ஹிஸ்டமினை அழிப்பதில்லை. பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அப்படி அந்த இடங்களைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். பின்னால் வரும் ஹிஸ்டமினுக்கு உட்கார இடம் இருக்காது.

ஒரு மாத்திரையின் வேலை சுமார் 24 மணி நேரம். நிறுத்திய இரண்டாம் நாள் தும்மல் வந்தால், உங்கள் பழைய ஒவ்வாமை அப்படியே இருக்கிறது என்றுதான் பொருள். அடிமைப்படுத்தும் மருந்தென்றால் நாளாக ஆக அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். நீங்கள் ஒரு வருடமாக ஒரே மாத்திரையோடு நிற்கிறீர்கள். முந்தின ராத்திரியே போட்டுக்கொள்வதும் சரிதான். தும்மல் தொடங்கிய பிறகு போட்டால் வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

இந்தப் பயம் எங்கிருந்து கிளம்பியது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டாசொலின், ஆக்ஸிமெட்டாசொலின் சொட்டு மருந்துகள்தான் உண்மையிலேயே ஆளைப் பிடித்துக்கொள்பவை. ஒரு வாரத்தைத் தாண்டி விட்டுக்கொண்டிருந்தால், மருந்தின் வேகம் குறைந்ததும் மூக்கின் உட்சவ்வு முன்பைவிட மோசமாக வீங்கும். அதைத் தணிக்க மறுபடி இரண்டு சொட்டு. உங்கள் கேபினில் அந்த பாட்டில் இருந்தால், அதைப் பற்றித்தான் வீட்டில் சண்டை வர வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. செட்ரிசின், லீவோசெட்ரிசின் இரண்டையும் பல மாதங்களோ வருடங்களோ தினமும் எடுத்தவர்களில் மிகச் சிலருக்கு, நிறுத்திய ஓரிரு நாட்களில் உடம்பெல்லாம் கடுமையான அரிப்பு வந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதத்தில் இதைப் பற்றி எச்சரித்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் விழுங்கும் மருந்தில் அவர்கள் திரட்டியவை 209 சம்பவங்கள். அரிதுதான். உங்களுக்குத் திரும்புவது தும்மல்தான், இந்த அரிப்பு இல்லை. இருந்தாலும் நிறுத்தும்போது அப்படி அரித்தால் தோல் வியாதி என்று அலையாமல் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

கிட்னிக்கு வருவோம். செட்ரிசின் கிட்னியைக் கெடுப்பதில்லை. உடம்பை விட்டு அது பெரும்பாலும் சிறுநீர் வழியாக வெளியேறுவதால், கிட்னி ஏற்கனவே பழுதாகியிருந்தால் மருந்து தேங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள். உங்களுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிட்னி எவ்வளவு சுத்தமாக வடிகட்டுகிறது என்று காட்டும் சோதனை அது.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி: தூக்கம். ஹிஸ்டமின் மூக்கில் வில்லன் என்றாலும், மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருப்பதே அதுதான். குளோர்ஃபெனிரமின், அவில் போன்ற பழைய மாத்திரைகள் மூளைக்குள் தாராளமாக நுழைந்து அங்கேயும் இடம்பிடித்துவிடும். வாய் உலர்வது, மலச்சிக்கல், பிராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வது எல்லாம் கூடவே வரும். தினசரி உபயோகத்துக்கு அவை ஆகாது. செட்ரிசின் அடுத்த தலைமுறை மருந்து, மூளைக்குள் குறைவாகத்தான் போகும். ஆனாலும் 10 மில்லிகிராம் எடுத்த பெரியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 14 பேர் தூக்கக் கலக்கம் சொன்னார்கள். வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 6 பேர். தூங்கி வழியாவிட்டாலும் கவனமும் கை வேகமும் மந்தமாகியிருக்கலாம், அது ஓட்டுகிறவருக்கே தெரியாது. சாராயம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அதற்காக மாத்திரையே வேண்டாம் என்று தும்மிக்கொண்டு ஓட்டவும் முடியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி கண்ணை மூடினால் வண்டி 22 மீட்டர் தானாகப் போயிருக்கும். ஓட்டுநர்களுக்கு நான் விரும்புவது ஃபெக்ஸோஃபெனடின் 120 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று. மூளைக்குள் அநேகமாகப் போவதே இல்லை. மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்தும் அதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று. சளி பிடித்ததும் கடையில் வாங்கும் கலப்பு மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பாராசிட்டமாலுக்குக் கீழே பொடி எழுத்தில் குளோர்ஃபெனிரமின் இருக்கும். ராத்திரி செட்ரிசின், காலையில் அது: நீங்கள் அறியாமலே இரட்டை டோஸ். அலர்ஜி மாத்திரை என்று கொடுப்பதில் மான்டெலூகாஸ்ட் சேர்ந்திருந்தால் அதையும் கவனியுங்கள். சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு, எரிச்சல் உண்டாக்கும் என்று 2020 முதல் அமெரிக்காவில் கடுமையான எச்சரிக்கை உள்ள மருந்து அது. மருத்துவர் எழுதாமல் தொடர வேண்டாம்.

ஆக, விட்டுவிடலாமா? ஒரு வருடமாகத் தினமும் தும்முகிறவருக்கு மாத்திரை மட்டும் போதுமா என்பதே என் சந்தேகம். அடைப்பும் இருந்தால் மாத்திரை அதற்கு அதிகம் உதவாது. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே நன்றாகக் கேட்கும். ஸ்டீராய்டு என்றதும் பதற வேண்டாம், மூக்கோடு நிற்கும் சிறு அளவுதான். இளைப்போ, மூச்சு விடும்போது விசில் சத்தமோ இருந்தால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். கேபினில் விரிக்கும் போர்வையையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் அலசச் சொல்லுங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும்போது அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு எழுதினால், அதற்கு முன் ஏறக்குறைய ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அந்த ஒரு வாரத்துக்கு நெடுந்தூர லோடு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.