ஸ்பானிஷ் ப்ராசஸ் வேலையா? லோவும் லேவும் சரளமாக வரட்டும்

ரெஸ்யூமேயில் ‘ஸ்பானிஷ் தெரியும்’ என்று போடுபவர்கள் ஏராளம். கிளையன்ட் காலில் தடுமாறாதவர்கள் கொஞ்சம்தான். பலர் சறுக்குவது ‘அதை, அவரை, அவருக்கு’ என்று சுருக்க உதவும் லோ, லா, லே என்ற குட்டிச் சொற்களில். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘லா ஃபாக்துரா’ (இன்வாய்ஸ்) என்றே சொல்லிக்கொண்டிருந்தால், நீங்கள் பாடப்புத்தகத்தைத் தாண்டவில்லை என்று இன்டர்வியூ எடுப்பவருக்குப் புரிந்துவிடும்.

1. தமிழ் வழியாகவே யோசியுங்கள். ‘எதை, யாரை’ என்றால் லோ (ஆண்பால்), லா (பெண்பால்). பன்மைக்கு லோஸ், லாஸ். ‘யாருக்கு’ என்றால் லே, லேஸ். ஆங்கிலத்தில் ‘ஹிம்’ ஒன்றே இரண்டுக்கும் வரும். நமக்கு ‘அவரை’ வேறு, ‘அவருக்கு’ வேறு. போட்டியாளர் குழம்பும் இடத்தில் உங்களுக்கு இது இலவச லீட். மே (என்னை, எனக்கு), தே (உன்னை, உனக்கு), நோஸ் (எங்களை, எங்களுக்கு) இரண்டுக்கும் பொது. அங்கே மண்டையை உடைக்க வேண்டாம்.

2. தமிழ் கைவிடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் ‘அவரிடம் சொன்னேன்’, ‘அவரைக் கேட்டேன்’ என்கிறோம். ஸ்பானிஷில் இரண்டுக்குமே லே: ‘லே திஹே’, ‘லே ப்ரெகுந்தே’. இன்னொரு பொறி: ‘மேனேஜரைப் பார்த்தேன்’ என்பதற்கு ‘வி அல் ஹெரெந்தே’. ஆளைக் குறிப்பதால் ‘ஆ’ வந்து ‘எல்’லுடன் சேர்ந்து ‘அல்’ ஆகிறது. ‘யாருக்கு’ என்பதற்கும் ‘ஆ’ வரும் என்பதால் லே போட்டுவிடாதீர்கள்; அவர் ‘யாரை’தான், ஆகவே ‘லோ வி’. ஸ்பெயின் கிளையன்ட் ஓர் ஆணைப் பற்றி ‘லே வி’ என்றால் திருத்தப் போகாதீர்கள். அதை ராயல் ஸ்பானிஷ் அகாடமியே ஏற்றுக்கொள்கிறது.

3. இரண்டும் சேரும் இடம்தான் உண்மையான டெஸ்ட். ‘லே மாந்தோ லா ஃபாக்துரா’ என்றால் ‘உங்களுக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறேன்’. ‘அதை உங்களுக்கு அனுப்புகிறேன்’ என்று சுருக்கும்போது ‘லே லா’ என்று வரவே வராது. லே அங்கே ‘சே’ ஆகிவிடும்: ‘சே லா மாந்தோ’. ‘யாருக்கு’ முன்னால், ‘எதை’ பின்னால். கான்ட்ராக்ட் ஆண்பால், எனவே ‘சே லோ மாந்தோ’. சே என்பது உங்களுக்கா, அவருக்கா என்ற சந்தேகம் வந்தால் கடைசியில் ‘ஆ உஸ்தெத்’ (உங்களுக்கு) சேருங்கள். தப்பான ஆளுக்கு இன்வாய்ஸ் போய் எஸ்கலேஷன் ஆவதைவிட இரண்டு சொல் கூடுதலாகச் சொல்வது நல்லது.

4. வைக்கும் இடம் உங்கள் தொனியைக் காட்டிக்கொடுக்கும். வழக்கமாக வினைக்கு முன்னால். ‘அனுப்புங்கள்’ என்று கேட்கும்போது பின்னால் ஒட்டும்: ‘மாந்தேமேலா’. ‘அனுப்பாதீர்கள்’ என்றால் மறுபடி முன்னால்: ‘நோ மே லா மாந்தே’. கிளையன்ட்டிடம் ‘மே லா புவேதே மாந்தார்?’ என்று கேள்வியாகக் கேட்டுப் பழகுங்கள். ‘அனுப்ப முடியுமா’ என்ற அதே மரியாதை.

5. உங்கள் அக்கவுன்ட் எந்த நாடு? லத்தீன் அமெரிக்கா என்றால் பலரை நெருக்கமாக ‘உங்களை, உங்களுக்கு’ என்னும் ‘ஓஸ்’ஸை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். மாட்ரிட் என்றால் இன்றே படியுங்கள். டீம் கால்களில் அது காதில் விழுந்துகொண்டே இருக்கும்.