விசைப்பலகையும் விரலின் இன்பமும்

எழுத்தடிக்குங்கால் ஒரு விசைப்பலகை இன்பம் பயப்பதும், மற்றொன்று சலிப்பூட்டுவதும் மாணவர் பலரும் அறிந்ததே. இவ்வேறுபாட்டின் காரணம் யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பழைய தட்டச்சுப் பொறியில், அச்சுக்கோல் தாளில் மோதும் அதிர்ச்சியே விரலுக்கு விடையாயிற்று. கணிப்பொறியின் விசையோ ஒரு மின்தொடர்பைக் கூட்டுவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. ஆதலின், எழுத்து ஏற்கப்பட்டது என்பதை விரலுக்கு உணர்த்தத் தனியே ஒரு வழி வேண்டியதாயிற்று. அவ்வழி பற்றியே விசைப்பலகைகள் வேறுபடுகின்றன.

விலை குறைந்தவற்றுள் பெரும்பாலனவற்றில் விசைதோறும் ஒரு ரப்பர்க் குமிழ் உளது. அழுத்தம் மிகுந்ததும் குமிழ் அமுங்குகின்றது; விரலும் அதனை உணர்கின்றது. ஆயினும், மின்தொடர்பு நேர்வது விசை ஏறக்குறைய அடித்தளத்தை எட்டும்போதேயாம். உணர்ச்சி முந்த, செயல் பிந்துகின்றது. ஆதலின் விரல் ஒவ்வொரு முறையும் அடிவரை அழுத்தப் பழகுகின்றது.

ஐ.பி.எம். நிறுவனத்தாரின் 'மாடல் எம்' என்னும் பலகை 1985-ஆம் ஆண்டினது. அதன் விசையின்கீழ் ஒரு சுருள்வில் நிற்கும். அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்ததும் அவ்வில் சட்டெனப் பக்கவாட்டில் வளையும். அவ்வளைவே அடியிலுள்ள சிறு தகட்டைச் சாய்த்து மின்தொடர்பைக் கூட்டும். அதுவே 'டிக்' என ஒலிக்கும். அதுவே விரல் உணர்ந்த தடையையும் நீக்கும். மூன்றும் ஒரே நிகழ்ச்சியில் தோன்றுதலின் அவ்விடை பொய்ப்பதில்லை.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தார் செய்யும் எம்.எக்ஸ். விசை 4 மில்லிமீட்டர் இறங்க வல்லது. எழுத்தோ ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே ஏற்கப்படும். அவற்றுள் நீல வகை தடையும் ஒலியும் உடையது. பழுப்பு வகை அவ்வொலியின்றித் தடை மட்டும் உடையது. சிவப்பு வகை இரண்டுமின்றி ஒரு சீராய் இறங்குவது.

ஒலி மிகுதியே இன்பம் எனக் கருதுவாரும் உளர். அது பொருந்தாது. காலத்தாற் பொருந்திய விடையே இன்பத்திற்கு மூலம். ஒலி அதற்குத் துணை. விடை உரிய கணத்தில் கிட்டின், விரல் அவ்வளவில் நின்று அடுத்த எழுத்திற்குச் செல்லலாம். கிட்டாவிடின், வேண்டாத வலுவை வீணே செலவிட்டுத் தளரும். நாள்தோறும் நெடுநேரம் எழுதும் மாணவர்க்கு இஃது அற்பமன்று.

நிற்க. விடுதியறையில் உடன் உறைவார் துயிலுங்கால் நீல வகையினும் பழுப்பு வகையே சாலும். விலையும் பெயரும் நோக்குமுன், ஒரு பத்தியேனும் அடித்துப் பார்த்து விரலைக் கேட்டறிதல் நன்று. அதன் தீர்ப்பே இதில் முடிவாம்.