எந்தப் போர்ட், யாருடைய போர்ட்?



கண்காணிப்புத் திரையில் வரும் அலர்ட்டுகளோடு என்னென்ன விவரம் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டாம். சரியாக வைத்திருக்க ஒரு பொறுப்பாளர் இருக்கும் விவரத்தை மட்டும் சேருங்கள்.

ஸ்விட்ச்சில் ஓர் இணைப்பு அறுந்தால் எஸ்என்எம்பி நெறிமுறையின் லிங்க்டவுன் டிராப் என்ற அறிவிப்பு வரும். 1.3.6.1.6.3.1.1.5.3 என்ற அடையாள எண், போர்ட்டைக் குறிக்கும் ஐஎஃப்இண்டெக்ஸ் எண், போர்ட்டின் நிலை ஆகியவையே அதில் முக்கியமானவை. இண்டெக்ஸ் 17 என்றால் எந்தக் கிளை பாதிக்கப்பட்டது, யாரைக் கூப்பிடுவது? டிராப் சொல்லாது. போர்ட்டின் பெயரையும், பொறியாளர் எழுதிவைத்த குறிப்பையும் ஸ்விட்ச்சிடமே கேட்டு வாங்கலாம். கிளையும் பொறுப்பாளரும் சிஎம்டிபி எனும் கருவிப் பதிவேட்டிலிருந்து வர வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. சில ஸ்விட்ச்களில் ரீபூட்டுக்குப் பிறகு இண்டெக்ஸ் எண்கள் மாறிவிடும். பழைய பட்டியலில் தேடினால் வேறொரு கிளையின் பெயர் அலர்ட்டில் ஏறிவிடும். விவரமில்லாத அலர்ட் ஆளைத் தேடவைக்கும். தப்பான விவரமோ தேடவே விடாது. ஆகவே, சேர்க்கும் விவரம் எப்போது எடுக்கப்பட்டது என்பதையும் கூடவே பதியுங்கள். கருவி அனுப்பிய மூலத் தகவலை அழிக்காதீர்கள்.

தீவிரத்துக்கும் இதே விதிதான். கருவிகள் அனுப்பும் சிஸ்லாக் செய்திகளில் தீவிரத்துக்கு 0 முதல் 7 வரை அளவு உண்டு. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். ஆனால் அது கருவியின் பார்வை மட்டுமே. சோதனை சர்வரின் 2-ஐ விட, சம்பளம் போடும் நாளில் சம்பள சர்வரின் 4 அவசரமாக இருக்கலாம். அந்த 4-ஐத் திருத்தாமல், முன்னுரிமையைத் தனிப் புலத்தில் எழுதுங்கள்.

வரிசையும் முக்கியம். ஒரே அலர்ட் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் அவற்றை ஒன்றாக்கிவிட்டு, பிறகு ஒரே முறை தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸைத் தட்டினால், அலர்ட்டுகள் குவியும் நேரத்தில் கண்காணிப்பே திணறும். அடிக்கடி தேவைப்படும் பட்டியலை மெமரியில் வைத்திருங்கள். தேடல் தோற்றாலும் அலர்ட் நிற்கக் கூடாது. ‘விவரம் இல்லை’ என்ற குறியோடு திரைக்குப் போகட்டும்.

அந்தக் குறி விழுந்தவற்றை வாரந்தோறும் எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் எங்கே ஓட்டை என்று தெரியும். அடைக்க ஆள் இல்லையென்றால், அந்தப் புலத்தையே எடுத்துவிடுங்கள்.